பால் கடையா, பல் கடையா?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்த தமிழர்கள் இங்கே நிறையப் பேர். தாராவியில் 90 அடி சாலை என்று ஒரு சாலை. அதை ஒட்டி ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு சின்னக் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும்.

கடையில் வண்ண வண்ணமாகச் சுருள்கள் அடுக்கி இருக்கும். பாயைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. எல்லாம் பின்புறம் பசை தடவிய பிளாஸ்டிக் தாள். இதற்கு வினைல் என்று பெயர். மக்கள் சொல்வது ஸ்டிக்கர். வெளிச்சம் பட்டால் மின்னும் தாளை மட்டும் ரேடியம் என்கிறார்கள். உண்மையில் அதில் ரேடியம் எதுவும் கிடையாது. ஆனாலும் பெயர் நிலைத்து விட்டது. இந்தக் கடையையும் எல்லோரும் ரேடியம் கடை என்றுதான் சொல்கிறார்கள்.

கடைக்குள் ஒரு மெஷின். சரட், சரட் என்று சத்தம் போடும். தாள் முன்னும் பின்னும் ஓடும். அதன் மேல் ஒரு சின்னக் கத்தி இடமும் வலமும் ஓடும். சற்று நேரத்தில் தாளில் எழுத்து வெட்டி இருக்கும்.

இந்த மெஷினைப் பற்றித்தான் இந்தப் பாடம். ஆனால் பாடத்தை ஓர் அக்காவிடம் இருந்து தொடங்குகிறேன்.

அக்காவின் வேலை

அக்கா எங்கள் இரவு வகுப்புக்கு வருபவர். வயது நாற்பதுக்கு மேல். ஊரில் இருந்தபோது வயல் வேலை. மும்பைக்கு வந்த பிறகு வீட்டு வேலை. பிறகு அந்த ரேடியம் கடையில் ஸ்டிக்கர் உரிக்கும் வேலை.

ஸ்டிக்கர் உரிப்பது என்றால் என்ன? மெஷின் எழுத்தைச் சுற்றி வெட்டும். அவ்வளவுதான். எழுத்தும் தாளில் இருக்கும். எழுத்தைச் சுற்றி உள்ள வேண்டாத பகுதியும் தாளில் இருக்கும். வேண்டாததை ஊசியால் கிளப்பி உரித்து எடுக்க வேண்டும். எழுத்து மட்டும் நிற்க வேண்டும்.

"வயல்ல களை பிடுங்குற மாதிரிதான் தம்பி. பயிரை விட்டுட்டுக் களையை எடுக்கணும்" என்பார் அக்கா.

வயலில் எது பயிர், எது களை என்று அக்காவுக்குத் தெரியும். தாளில் தெரியவில்லை. அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது.

ஒரு நாள் ஒரு டீக்கடைக்காரர் தமிழில் போர்டு கேட்டார். "பசும்பால் கிடைக்கும்" என்று எழுத வேண்டும். மெஷின் ஓட்டுகிற பையன் உத்தரப் பிரதேசத்தில் இருந்து வந்தவன். அவனுக்குத் தமிழ் தெரியாது. டீக்கடைக்காரர் செல்போனில் அனுப்பியதை அப்படியே எடுத்து வெட்டினான். அக்கா உரித்தார். இன்னொருவர் போய் ஒட்டினார்.

மறுநாள் டீக்கடையில் ஒரே சிரிப்பு. போர்டில் என்ன இருந்தது தெரியுமா? "பசும்பல் கிடைக்கும்."

பா என்ற எழுத்தில் ஒரு கால் இருக்கிறது அல்லவா? அந்தக் கால் தனித் துண்டாக நிற்கும். எழுத்தோடு ஒட்டி இருக்காது. அக்கா அதை வேண்டாத துண்டு என்று நினைத்து உரித்து விட்டார். பால், பல் ஆகி விட்டது.

புது ஸ்டிக்கர் வெட்டினார்கள். அந்தச் செலவு 150 ரூபாயை அக்காவின் கூலியில் பிடித்தார்கள். அன்று அவர் கூலியே 180 ரூபாய். தமிழ் தெரியாமல் ஆர்டர் வாங்கினார்கள். படிக்காமல் ஒட்டினார்கள். ஆனால் பிடித்தது அக்காவிடம் மட்டும். இது எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை.

அடுத்த வாரம் அக்கா வகுப்புக்கு வந்தார். கையில் அந்த ஸ்டிக்கர் துண்டு இருந்தது. பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

"தம்பி, இந்தக் கோட்டுக்கு 150 ரூபா. இது என்னன்னு மொதல்ல சொல்லுங்க."

அன்று கால் எழுத்துப் பாடம் நடத்தினேன். புத்தகத்தில் அந்தப் பாடம் வர இன்னும் பத்து நாள் இருந்தது. புத்தகம் காத்திருக்கட்டும் என்று விட்டு விட்டேன்.

எது தனித் துண்டு?

தமிழ் எழுத்தை வெட்டினால் சில பகுதிகள் தனியாக நிற்கும். நீங்களும் பார்த்துக் கொள்ளுங்கள்.

மெய் எழுத்தின் மேல் உள்ள புள்ளி தனித் துண்டு. கா, பா, மா ஆகியவற்றின் கால் தனித் துண்டு. கெ, கே, கை ஆகியவற்றின் கொம்பும் தனித் துண்டு. கி, கீ, கு, கூ ஆகியவை பெரும்பாலும் ஒரே துண்டாக வரும்.

இன்னொன்றும் உண்டு. சில எழுத்துகளுக்கு வயிறு இருக்கும். க என்ற எழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் துண்டை எடுத்து விட வேண்டும். எடுக்காவிட்டால் வளையம் அடைத்துப் போகும். ஆகவே புள்ளியை எடுக்கக் கூடாது, வயிற்றை எடுக்க வேண்டும். இரண்டும் சின்னத் துண்டுகள்தான். எழுத்துத் தெரிந்தவருக்குத்தான் வேறுபாடு தெரியும்.

மராத்தி, இந்தி எழுத்து வேறு மாதிரி. அதில் தலைக்கு மேல் ஒரு கோடு ஓடும். துணி காயும் கொடி போல. எழுத்துகள் அந்தக் கொடியில் தொங்கும். ஆகவே ஒரு சொல் பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். ஒட்டுவது எளிது. ஆனால் கம்ப்யூட்டரில் எழுத்துகளை ஒன்றாக இணைத்த பிறகே வெட்ட வேண்டும். கடையில் இதை வெல்டு செய்வது என்பார்கள். இணைக்காமல் வெட்டினால், எழுத்தும் எழுத்தும் சேரும் இடத்தில் கத்தி குறுக்கே ஓடிவிடும். கொடி துண்டு துண்டாக அறுந்து விடும்.

மும்பையில் மராத்தி போர்டுக்கு வேலை நிறைய உண்டு. 2022இல் மகாராஷ்டிர அரசு சட்டத்தைத் திருத்தியது. சின்னக் கடை ஆனாலும் பெயர்ப் பலகையில் மராத்தி இருக்க வேண்டும். மற்ற மொழி எழுத்தை விட மராத்தி எழுத்து சிறிதாக இருக்கக் கூடாது. வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இரண்டு மாதத்தில் போர்டை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்த இரண்டு மாதமும் அக்கா இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்பவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. நான் வருகைப் பதிவில் "ரேடியம்" என்று எழுதி வைத்தேன்.

வேலை நடக்கும் முறை

மெஷினில் உள்ள கத்தி பேனா முள்ளைப் போலச் சிறியது. ஸ்டிக்கர் தாளில் இரண்டு அடுக்கு இருக்கும். மேலே வினைல். கீழே வழவழப்பான காகிதம். கத்தி மேல் அடுக்கை மட்டும் வெட்ட வேண்டும். காகிதத்தை அறுக்கக் கூடாது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. முதலில் தாளின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பாருங்கள். அதை ஊசியால் எடுங்கள். சுலபமாக வந்தால் சரி. வராமல் இழுத்தால் கத்தியின் அழுத்தம் போதாது. அடிக் காகிதமும் சேர்ந்து அறுந்தால் அழுத்தம் அதிகம். ஒரு சதுரம் வீணானால் ஒன்றும் இல்லை. மூன்று அடித் தாள் வீணானால் அன்றைய லாபம் போய்விடும்.

உரித்த பிறகு எழுத்தின் மேல் ஒட்டு டேப்பை விரித்து அழுத்த வேண்டும். கடையில் இதை டிரான்ஸ்பர் டேப் என்று கேட்டால் தருவார்கள். எழுத்துகள் டேப்பில் வரிசை கலையாமல் ஒட்டிக் கொள்ளும். அப்படியே தூக்கிக் கண்ணாடியில் ஒட்டலாம்.

கண்ணாடியை முதலில் சுத்தமாகத் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் ஒட்டாது. தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்து லேசாகத் தெளியுங்கள். ஸ்டிக்கரை வைத்து நகர்த்தி நேராக்குங்கள். பிறகு பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். தண்ணீரும் காற்றும் வெளியே வரும். கொஞ்ச நேரம் காய விடுங்கள். டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். அவசரப்பட்டால் புள்ளி டேப்போடு வந்துவிடும். மறுபடியும் புள்ளிதான்!

சுவருக்கு இப்படித் தண்ணீர் தெளிக்கக் கூடாது. புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரில் உடனே ஒட்டக் கூடாது. சில வாரம் கழித்து ஒட்டலாம். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் ஒட்டவே வேண்டாம். இரண்டு நாளில் உரிந்து விழும். கொடுத்த காசை ஆள் திரும்பக் கேட்பார்.

எந்த மாதம், என்ன வேலை?

பெயர்ப் பலகை வேலை பெரிய கடைகளுக்குப் போகும். வீட்டில் இருந்து செய்கிறவர்களுக்குச் சின்னப் பொருள்தான் நல்லது. அக்காவும் அவருடைய மகளிர் குழுவில் இரண்டு பேரும் இப்போது வீட்டில் இருந்தே செய்கிறார்கள். அவர்கள் மாதத்துக்கு ஏற்ற மாதிரி வேலையை மாற்றிக் கொள்கிறார்கள்.

ஜூன் மாதம் இங்கே பள்ளிக்கூடம் திறப்பார்கள். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, காம்பஸ் பெட்டி எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர் வேண்டும். பத்துப் பெயர் கொண்ட ஒரு தொகுதியாக விற்கிறார்கள். பாட்டிலில் வாய் வைக்கும் இடத்தில் மட்டும் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பிள்ளையார் திருவிழா. தெருவுக்குத் தெரு மண்டலி. மண்டலிப் பையன்களுக்கு ஒரே மாதிரி பனியன் வேண்டும். முதுகில் மண்டலியின் பெயர். இதற்குத் துணியில் ஒட்டும் தனி வினைல் இருக்கிறது. சூடு பட்டால் அதன் பசை துணியில் பிடிக்கும். பொதுவாக 150 முதல் 160 டிகிரி சூடு, 10 முதல் 15 நொடி. ஆனால் தாளுக்குத் தாள் மாறும். வாங்கும்போதே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

துணி வினைலைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். கடைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கரும் அப்படித்தான். எழுத்துத் திரும்பி இருக்கும். இப்போதுதான் நேர் எழுத்தையே படிக்கக் கற்ற அக்காவுக்கு இது பெரிய சங்கடம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடிக்குள் எழுத்து நேராகத் தெரிந்தது. அதைப் பார்த்தபடி உரித்தார். இது எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளிக்கு வாசலில் ஒட்டும் லட்சுமி பாதமும் ஸ்டிக்கர் கோலமும் நன்றாகப் போகும். மராத்திக்காரர்கள், தமிழர்கள், குஜராத்திகள் என்று எல்லோரும் வாங்குகிறார்கள். பொங்கலுக்குப் பானையும் கரும்பும். கோலத்தில் எழுத்தே கிடையாது. ஆனால் அதன் கம்பிக் கோடு மெலிந்தது. உரிக்கும்போது அறுந்து போகும். ஆகவே கோட்டைக் கொஞ்சம் தடிமனாக வரைந்து வெட்டச் சொல்லுங்கள்.

வருடம் முழுதும் கேட்பதும் உண்டு. "தள்ளவும்", "இழுக்கவும்", "குடிநீர்", "செருப்பை வெளியே விடவும்". சுவரில் பெயிண்ட் அடிக்க எழுத்து அச்சும் வெட்டலாம். அதில் மட்டும் தலைகீழ். எழுத்தை உரித்து எடுத்து விட்டு, சுற்றி உள்ளதை வைத்துக் கொள்ள வேண்டும். களை பயிர் ஆகி விடும்!

எனக்குப் பிடித்த வேலை வேறு. தாராவியில் இரவிலும் கைவண்டி ஓடும். வண்டியின் பின்னால் விளக்குக் கிடையாது. மின்னும் தாளில் பட்டை வெட்டி வண்டியின் பின்பக்கம் ஒட்டினால், பின்னால் வரும் லாரியின் விளக்கு பட்டு மின்னும். லாரிக்காரருக்கு வண்டி இருப்பது தெரியும். அக்கா ஒரு வண்டிக்கு 30 ரூபாய் வாங்குகிறார். லாபம் குறைவுதான். கையில் காசு இல்லாத வண்டிக்காரருக்கு மீந்து போன துண்டை ஒட்டி அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

சில வேலைகள் வரும். காசும் அதிகம் தருவார்கள். எடுக்காதீர்கள்.

வண்டியின் நம்பர் பிளேட்டில் எண் வெட்டி ஒட்டுவது அதில் ஒன்று. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு அரசு முறைப்படியான பாதுகாப்பு நம்பர் பிளேட்தான் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் எண் செல்லாது. போலீஸ், பிரஸ் என்று ஸ்டிக்கர் கேட்டு வருபவர்களும் உண்டு. அந்த வேலையில் இல்லாதவர் அதை ஒட்டிக் கொண்டு எங்காவது மாட்டினால், செய்து கொடுத்தவரையும் தேடி வருவார்கள்.

பெரிய கம்பெனிகளின் முத்திரையை வெட்டி விற்கக் கூடாது. 1999ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டப்படி அது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. பிள்ளைகள் கேட்கும் கார்ட்டூன் படங்களுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பூ, மயில், பட்டாம்பூச்சி யாருக்கும் சொந்தம் இல்லை. நாமே வரைந்து வெட்டலாம்.

குழுவில் ஒருவர், துண்டுத் தாளில் பொட்டு வெட்டி விற்கலாம் என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இந்தப் பசை தோலுக்காகச் செய்தது அல்ல. அரிப்பு வரலாம். விட்டு விட்டார்கள்.

உரித்த குப்பையை எரிக்காதீர்கள். வினைலில் குளோரின் இருக்கிறது. எரித்தால் வரும் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், உடம்புக்குக் கெடுதல். குப்பை வண்டியில் போடுங்கள்.

மெஷின் வாங்கலாமா?

அக்கா ஒரு நாள் கேட்டார். "தம்பி, பேங்க்ல முத்ரா கடன் தர்றாங்களாம். மெஷின் வாங்கிரட்டுமா?"

முத்ரா கடன் 2015இல் தொடங்கிய திட்டம். அதில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் தருகிறார்கள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அக்காதான் எழுதினார். விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு சதுர அடித் தாளில் 40 பெயர் வெட்டலாம். பத்துப் பெயர் ஒரு தொகுதி. ஆகவே 4 தொகுதி.

ஒரு தொகுதி 40 ரூபாய். 4 தொகுதிக்கு வரவு 160 ரூபாய்.
தாள் 20 ரூபாய். டேப் 10 ரூபாய். மின்சாரம், கத்தித் தேய்மானம் 5 ரூபாய். செலவு 35 ரூபாய்.
160இல் 35 போனால் மீதி 125 ரூபாய்.

"அட, ஒரு தாளுக்கு 125 ரூபாயா!" என்றார் அக்கா.

உரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். இரண்டரை மணி என்றார். அப்படியானால் ஒரு மணிக்கு 50 ரூபாய். இது லாபம் இல்லை, கூலி. அக்கா பேசாமல் அந்த வரியை மறுபடி படித்தார்.

மெஷினும் பழைய கம்ப்யூட்டரும் சேர்த்து 40,000 ரூபாய் கடன் வாங்கினால்? வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 ரூபாய், மூன்று ஆண்டில் அடைப்பது என்று வைத்துக் கொண்டோம். மாதத் தவணை சுமார் 1,330 ரூபாய் வரும். தவணை கட்ட மட்டும் மாதம் 11 தாள் விற்க வேண்டும். அதாவது 44 தொகுதி. ஜூன் மாதத்தில் விற்கும். ஜூலையில்?

நான் அப்போது வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஆர்டர் பிடித்துப் பாருங்கள் என்றேன். ரேடியம் கடையிலேயே காசு கொடுத்து வெட்டி வாங்கினார். வீட்டில் உரித்து, ஒட்டி, விற்றார். லாபம் குறைந்தது. ஆனால் கடன் இல்லை. ஒரு வருடம் நோட்டில் எழுதி வந்தார். எந்த மாதம் எத்தனை தொகுதி, யார் பணம் பாக்கி, எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. எழுத்துப் பிழை நிறைய உண்டு. கணக்கில் பிழை இல்லை.

அந்த நோட்டைக் காட்டித்தான் குழுவில் மூன்று பேர் சேர்ந்து போன வருடம் மெஷின் வாங்கினார்கள். கம்ப்யூட்டரில் எழுதுவது குழுவில் ஒருவருடைய மகள். கல்லூரியில் படிக்கிறாள். வெட்டும் முன் ஒவ்வொரு சொல்லையும் காகிதத்தில் எழுதி, வாங்குபவரிடம் காட்டி, கையெழுத்து வாங்குகிறார்கள். இது அக்கா போட்ட சட்டம். உரித்த பிறகு ஒரு முறை, ஒட்டும் முன் ஒரு முறை அவரே வாய் விட்டுப் படிக்கிறார்.

அந்த டீக்கடைக்காரர் இந்தத் தீபாவளிக்கு வந்தார். புது போர்டு வேண்டுமாம்.

"பசும்பால்தானே?" என்று கேட்டார் அக்கா. "கால் போட்டுத் தாரேன்."

செய்து பாருங்கள்

1. கீழே உள்ள சொற்களை வெட்டினால், உரித்த பிறகு தாளில் எத்தனை துண்டு நிற்க வேண்டும்? புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் எண்ணுங்கள்.

பால்
தேநீர்
கண்ணாடி
தள்ளவும்

2. உங்கள் பெயரை எழுதுங்கள். அதில் எத்தனை தனித் துண்டு? எந்த எழுத்துக்கு வயிறு இருக்கிறது?

3. ஒரு தாளில் கிடைப்பது 125 ரூபாய். மாதத் தவணை 1,330 ரூபாய். மூன்று பேர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் எடுக்க வேண்டும். மாதம் எத்தனை தாள் விற்க வேண்டும்?

(முதல் கணக்கின் விடை: 4, 5, 6, 7.)